போட்ட கையே நிறுத்தட்டும்

எண்ணெய் விளக்கு எரிந்த காலத்தில் நம் வீட்டுப் பெரியவர்கள் விளக்கை ‘அணை’ என்று சொல்லமாட்டார்கள். ‘குளிர வை’ என்பார்கள், ‘அமர்த்து’ என்பார்கள். சொல்லில் மட்டுமன்றிச் செயலிலும் அதற்கு ஒரு முறை இருந்தது. இரவுச் சாப்பாடு முடிந்து, பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்து, கதவைத் தாழிட்ட பின்பு, வீட்டின் மூத்த பெண்மணி தம் கையால் விளக்கை அமர்த்துவார். அவர் என்றேனும் மறந்து உறங்கிவிட்டால், எண்ணெய் தீர்ந்ததும் திரி தானே கரிந்து நின்றுவிடும். மறுநாள் காலையில் காலியான அகல், முந்திய இரவின் மறதியை எல்லோருக்கும் காட்டிக்கொடுக்கும்.

கிணற்றில் கமலை இறைத்த நாளிலும் இறைப்பை நிறுத்த மறந்தவர் எவரும் இல்லை. மாடு களைத்தால் கமலை நின்றது. ஆள் களைத்தால் ஏற்றம் நின்றது. கையை எடுத்ததும் ஆட்டுக்கல் நின்றது. கண் அயர்ந்ததும் பனையோலை விசிறி மடியில் விழுந்தது. வேலையைச் செய்த கையே வேலையை நிறுத்தவும் செய்தது. ஆகவே, ‘நிறுத்த மறவாதே’ என்று ஒருவருக்கொருவர் நினைவூட்ட வேண்டிய அவசியம் அன்று அதிகமாக ஏற்படவில்லை.

பிறகு மின்சாரம் வந்தது. நீலகிரி மலையில் பைக்காரா நீர்மின் நிலையம் 1932-ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. மேட்டூர் அணையின் நீர் 1937-இல் மின்சாரம் தந்தது. 1957 ஜூலை முதல் தேதியன்று சென்னை மாநில மின்சார வாரியம் அமைக்கப்பட்டது. அதன் பின்னர் மின் கம்பிகள் ஊர் ஊராகச் சென்றன. கமலைகள் இருந்த கிணறுகளில் மோட்டார்கள் அமர்ந்தன. உழைத்து ஓய்ந்த கைகளிலிருந்து கடினமான வேலைகளை மின்சாரம் வாங்கிக்கொண்டது. இது நம் கிராமங்களுக்குக் கிடைத்த பெரிய உபகாரம் என்பதில் ஐயமில்லை.

ஆனால் ஒன்றை மட்டும் மின்சாரம் நம்மிடமிருந்து வாங்கிக்கொள்ளவில்லை. வேலை முடிந்ததை அறிந்து நிறுத்தும் பொறுப்பு இன்னும் நம்மிடமே இருக்கிறது. மோட்டாருக்குக் களைப்பு இல்லை. மின்விசிறிக்கு, தன் கீழே ஆள் இருக்கிறாரா இல்லையா என்பது தெரியாது. அகலில் எண்ணெய் குறைவதைப்போல மின்சாரம் குறைவதும் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆகவே நிறுத்துவது என்ற ஒரு செயலுக்கு நாமே ஓர் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. வீட்டிலும், வயலிலும், ஊர்ப் பொதுவிலும் அந்த ஏற்பாடு எப்படி அமைய வேண்டும் என்பதை இங்கே ஆராய்வோம்.

மறதி எப்போது நேர்கிறது?

மறதி என்பது சோம்பேறிகளுக்கு மட்டும் உரியது என்று எண்ணுவது தவறு. சுறுசுறுப்பாக வேலை செய்பவர்களும் மறக்கிறார்கள். ஊன்றிக் கவனித்தால், மறதி பெரும்பாலும் மூன்று சமயங்களில் நேர்வதைக் காணலாம்.

முதலாவது, வேலையின் நடுவில் மின்சாரம் நின்றுபோகும் சமயம். சாதனம் ஓசையின்றி நிற்கிறது. அது நின்றுவிட்டதாகவே நம் மனம் எண்ணிக்கொள்கிறது. உண்மையில் நின்றது மின்சாரம். சுவிட்சு போட்டபடியே இருக்கிறது.

இரண்டாவது, வேலையின் நடுவில் ஒருவர் அழைக்கப்படும் சமயம். வாசலில் ஆள் கூப்பிடுகிறார், குழந்தை அழுகிறது, கன்று கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடுகிறது. எழுந்து போனவர் திரும்பி வரும்போது அவருடைய நினைவு வேறு வேலையில் இருக்கிறது.

மூன்றாவது, ஒரு பொருள் பலருக்கும் பொதுவாக இருக்கும் சமயம். கூடத்து விளக்கைப் பையன் அணைப்பான் என்று தாய் எண்ணுகிறாள். தாய் அணைப்பாள் என்று பையன் எண்ணுகிறான். தெருவிளக்கும் குடிநீர்த் தொட்டியும் ஊருக்கே பொதுவானவை. அங்கே இந்த மறதி இன்னும் பெரிதாகிறது.

இம்மூன்றையும் அறிந்துகொண்டால் பரிகாரமும் தெளிவாகும். ‘நினைவாக இருங்கள்’ என்று எத்தனை முறை சொன்னாலும் போதாது. எந்தச் சமயத்தில், எவர், எதை நிறுத்துவது என்று முன்கூட்டியே வகுத்துவிட வேண்டும்.

வீட்டுக் கணக்கு

முதலில் அளவைத் தெரிந்துகொள்வோம். ஆயிரம் வாட்டுச் சாதனம் ஒன்று ஒரு மணி நேரம் ஓடினால் செலவாவது ஒரு யூனிட். ஒவ்வொரு சாதனத்தின் மீதும் அதன் வாட்டு அச்சிடப்பட்டிருக்கும். அதை ஓடும் மணி நேரத்தால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் யூனிட் கிடைக்கும். எட்டாம் வகுப்புப் பிள்ளை போடக்கூடிய கணக்குத்தான்.

பழைய மாதிரி மின்விசிறி ஏறத்தாழ 75 வாட்டு எடுக்கும். வீட்டார் வயலுக்குச் சென்றபின் அது வெற்று அறையில் எட்டு மணி நேரம் சுழன்றால் நாளொன்றுக்கு 600 வாட்டு-மணி செலவாகும். அறுபது நாளில் அது 36 யூனிட் ஆகிவிடும். நிலக்கரியால் இயங்கும் மின் நிலையத்தில் ஒரு யூனிட் உற்பத்தி செய்ய ஏறத்தாழ 700 கிராம் நிலக்கரி எரிகிறது. யாரும் அனுபவிக்காத அந்தக் காற்றுக்காக, எங்கோ ஓரிடத்தில் 25 கிலோ நிலக்கரி சாம்பலாகிறது. மேலும், வீடுகளுக்கான கட்டண முறையில் உபயோகம் கூடக்கூட ஒரு யூனிட்டின் விலையும் படிப்படியாக உயர்கிறது. ஆகவே வீணாகும் யூனிட்டுகள், உயர்ந்த படியின் விலையிலேயே கணக்கில் ஏறுகின்றன.

தொலைக்காட்சியுடன் இணைந்த செட்டாப் பெட்டியின் கதையும் இதைப் போன்றதே. ரிமோட்டால் நிறுத்தினாலும் பலவகைப் பெட்டிகள் முழுமையாக நிற்பதில்லை. பத்து வாட்டு எடுக்கும் பெட்டி, எவரும் பார்க்காத 18 மணி நேரமும் விழித்திருந்தால், அறுபது நாளில் ஏறத்தாழ 11 யூனிட் செலவாகும். இரவு படுக்கப் போகும்போது சுவர்ச் சுவிட்சையே நிறுத்திவிடுவது நல்லது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ‘கைபேசிச் சார்ஜரைப் பிடுங்கி வையுங்கள், பணம் மிச்சமாகும்’ என்று பலர் உபதேசிக்கிறார்கள். கைபேசி மாட்டப்படாத சார்ஜர் கால் வாட்டு எடுப்பதாக வைத்துக்கொண்டாலும், இரவும் பகலும் மாட்டியே இருந்தால் அறுபது நாளில் அரை யூனிட்டுக்கும் குறைவாகவே செலவாகும். அதைப் பிடுங்கி வைப்பது நல்ல பழக்கந்தான். ஆயினும் சார்ஜரைப் பற்றிக் கவலைப்பட்டுவிட்டு மோட்டாரை மறப்பது, கடுகு போன இடத்தை ஆராய்ந்து பூசணிக்காய் போன இடத்தை அறியாதிருப்பதற்கு ஒப்பாகும். எது பெரிது, எது சிறிது என்பதைக் கணக்கே காட்டும்.

நிறுத்தக் கூடாதவையும் உண்டு. குளிர்பதனப் பெட்டியைச் சிக்கனம் கருதி இரவில் நிறுத்தினால் உள்ளே உள்ள பாலும் சமைத்த உணவும் கெட்டுவிடும். மருந்து வைத்திருப்போர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். எங்கே வீணாகிறதோ அங்கே நிறுத்துவதே சிக்கனம்.

வீட்டில் எங்கே ஒழுகுகிறது என்பதை அறிய எளிய வழி ஒன்று இருக்கிறது. இப்போதுள்ள மின்னணு மீட்டர்களில் ஒரு சிறு சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரியும். மின்சாரம் எவ்வளவு செலவாகிறதோ அவ்வளவு வேகமாக அது கண் சிமிட்டும். ஒருநாள் எல்லாச் சுவிட்சுகளையும் நிறுத்தி, குளிர்பதனப் பெட்டியையும் சில நிமிஷங்கள் நிறுத்திவிட்டு, அதைக் கவனியுங்கள். அப்போதும் சிமிட்டிக்கொண்டிருந்தால், நாம் மறந்த ஏதோ ஒன்று வீட்டில் விழித்திருக்கிறது என்று பொருள். எல்லாம் நின்றிருந்தும் சிமிட்டினால் மின்கசிவு இருக்கக்கூடும். உடனே தகுதியுள்ள மின்பணியாளரை அழைத்துக் காட்ட வேண்டும்.

மின்தடையும் ஆபத்தும்

இதுவரை கூறியது காசுக் கணக்கு. இனிக் கூறப்போவது உயிர்க் கணக்கு.

பள்ளிக்குச் செல்லும் பிள்ளையின் சட்டைக்குத் தாய் இஸ்திரி போடுகிறார். பாதியில் மின்சாரம் நின்றுவிடுகிறது. பெட்டியைத் துணிமேலேயே வைத்துவிட்டு, கசங்கிய சட்டையுடன் பிள்ளையை அனுப்பிவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு களையெடுக்கச் செல்கிறார். ஒரு மணி நேரம் கழித்து மின்சாரம் திரும்புகிறது. பூட்டிய வீட்டுக்குள் பெட்டி சூடேறுகிறது. வெப்பக் கட்டுப்பாடு இல்லாத பழைய பெட்டியானால் சூடு ஏறிக்கொண்டே போகும். கட்டுப்பாடு உள்ள பெட்டிகூடத் துணிமேல் படுத்த நிலையில் கிடந்தால் துணியைக் கருக்கும். அருகில் மெத்தையோ, கூரையின் ஓலையோ இருந்தால் நிகழக்கூடியதைச் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தாய் கவனக்குறைவானவர் அல்லர். அவர் பெட்டியை விட்டுச் சென்றபோது அது ஆறிக்கொண்டிருந்தது.

வாளியில் போட்டு வெந்நீர் காய்ச்சும் கம்பியும் இவ்வாறே. மறந்து விட்டுவிட்டால் நீர் வற்றி, பிளாஸ்டிக் வாளி உருகி, கம்பி வெடிக்கக்கூடும். நீர் சுட்டுவிட்டதா என்று பார்க்க, சுவிட்சை நிறுத்தாமல் கையை விடுவது அதைவிடப் பெரிய ஆபத்து. முதலில் சுவிட்சு, பிறகு பிளக், அதன் பின்னரே கை என்பது பிசகாத வரிசையாக இருக்க வேண்டும்.

மின்தடையின்போது மிக்சியின் மூடியைத் திறந்து விரலால் சட்டினியை வழிப்பது, கிரைண்டரில் கல்லின் ஓரத்து மாவைக் கையால் தள்ளுவது, தீவனம் நறுக்கும் இயந்திரத்தில் சிக்கிய தட்டையை இழுப்பது ஆகிய மூன்றும் சாதாரணமாக நடப்பவை. மின்சாரம் திரும்பும் நேரத்தை எவரும் நமக்கு முன்னறிவிப்பதில்லை. சுவிட்சு போட்டபடி இருந்தால், கை உள்ளே இருக்கும்போதே கத்தி சுழலத் தொடங்கிவிடும்.

கிணற்றுக்குள் இறங்கி வேலை செய்வோருக்கும் இதே அபாயம் உண்டு. நாம் கீழே இருக்கையில், விஷயம் அறியாத வேறொருவர் மேலே வந்து மோட்டாரைப் போட்டுவிடக்கூடும். மெயின் சுவிட்சை நிறுத்தி, ஃப்யூஸ் கட்டைகளைக் கழற்றி, அவற்றை இறங்குபவரே தம் மடியில் வைத்துக்கொள்வது சிறந்த முறை. ‘கிணற்றில் ஆள் இருக்கிறார்’ என்று எழுதிய ஓர் அட்டையையும் ஸ்டார்ட்டர் பெட்டியில் தொங்கவிடலாம்.

இவை அனைத்துக்கும் விதி ஒன்றுதான். மின்சாரம் நின்ற அந்த நிமிஷமே, ஓடிக்கொண்டிருந்த சாதனத்தின் சுவிட்சை நிறுத்திவிட வேண்டும். இருட்டில் தீப்பெட்டி தேடுவதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும். மின்சாரம் வந்துவிட்டது என்பதை அறிய ஒரே ஒரு விளக்கின் சுவிட்சை மட்டும் போட்டு வைத்தால் போதும்.

மின்கசிவு ஏற்பட்டால் நொடிப்பொழுதில் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.டி. என்னும் உயிர்காக்கும் சாதனத்தை ஒவ்வொரு வீட்டிலும் பொருத்துவது அவசியம். அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்கவும் வேண்டும். எனினும், மின் அதிர்ச்சியிலிருந்து காப்பதே அதன் வேலை. துணிமேல் மறந்து வைத்த இஸ்திரிப் பெட்டியை அது நிறுத்தாது. அங்கே நம் கைதான் காவல்.

கிணற்றடியில்

நம் மாநிலத்தில் சிறு விவசாயிகளுக்கு 1984-ஆம் ஆண்டிலும், பின்னர் 1990-இல் எல்லா விவசாயிகளுக்கும் பம்புசெட்டுக்கான மின்சாரம் இலவசமாக வழங்கப்பட்டது. மழையை நம்பிக் கடனில் உழன்ற குடும்பங்களுக்கு இது பெரிய ஆதரவாயிற்று. இந்த உரிமையைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. மின்சாரத்துக்குக் கட்டணம் இல்லாத இடத்தில், மோட்டாரை நிறுத்த மறந்தால் அதன் விலையை எதில் கொடுக்கிறோம் என்பதை மட்டும் எண்ணிப் பார்ப்போம்.

மும்முனை மின்சாரம் பகலில் சில மணி, இரவில் சில மணி என்று பகுத்து வழங்கப்பட்ட ஆண்டுகளில், மின்சாரம் வந்ததும் மோட்டார் தானே ஓடும்படி ஆட்டோ ஸ்டார்ட்டர் வைக்கும் வழக்கம் பரவியது. நள்ளிரவில் எழுந்து, பாம்புக்கும் பூச்சிக்கும் அஞ்சி, வரப்பில் நடந்த விவசாயிக்கு அது அவசியமான உதவியாக இருந்தது. ஆனால் மோட்டாரைத் தொடங்க ஏற்பாடு செய்த நாம், நிறுத்துவதற்கு ஏற்பாடு செய்யவில்லை.

இதனால் நேரும் தீங்குகள் மூன்று. முதலாவது, டிரான்ஸ்பார்மருக்கு நேரும் தீங்கு. ஒரு மோட்டார் புறப்படும்போது, அது ஓடும்போது எடுப்பதைப்போல் ஐந்தாறு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். ஒரு டிரான்ஸ்பார்மரின் கீழுள்ள எல்லா மோட்டார்களும் மின்சாரம் வந்த அதே நொடியில் புறப்பட்டால், மின்னழுத்தம் சரிகிறது, ஃப்யூஸ் போகிறது, சில சமயம் டிரான்ஸ்பார்மரே பழுதாகிறது. அது சீராகும் வரையில் அத்தனை வயல்களும் காய வேண்டியதுதான். ஒவ்வொருவரும் சற்று முன்பின்னாகப் புறப்படுமாறு கால தாமதக் கருவியை அமைத்துக்கொண்டால் இதைத் தவிர்க்கலாம்.

இரண்டாவது, மோட்டாருக்கே நேரும் தீங்கு. ஆழ்குழாய்க் கிணற்றில் மூழ்கியிருக்கும் மோட்டாரைக் குளிர்விப்பது அதைச் சுற்றியுள்ள நீரே. நீர் கீழே இறங்கிய பின்னும் அது வெறுமனே ஓடினால் சூடேறிக் காயில் புகைந்துவிடும். மோட்டாரை மேலே தூக்கும் கூலியும், காயில் கட்டும் செலவும், பயிர் வாடும் நஷ்டமும் சேர்ந்தால், இலவச மின்சாரத்தின் லாபம் ஒரே இரவில் கரைந்துபோகும். நீர் வற்றியதும் மோட்டாரை நிறுத்தும் கருவியை ஸ்டார்ட்டர் பெட்டியில் பொருத்துவது இந்தச் செலவின் முன் மிகச் சிறியது.

மூன்றாவது தீங்கே எல்லாவற்றிலும் பெரியது. ஒரு மோட்டார் நொடிக்கு மூன்று லிட்டர் இறைப்பதாகக் கொள்வோம். மணிக்கு 10,800 லிட்டர். தேவை முடிந்த பின் நான்கு மணி நேரம் கூடுதலாக ஓடினால் 43,200 லிட்டர். அந்த நீர் வரப்பைத் தாண்டி ஓடையில் சேர்கிறது. இட்ட யூரியாவையும் கரைத்துக்கொண்டு போகிறது. 2020-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, தமிழ்நாட்டின் 1,166 பிர்க்காக்களில் 435-இல் ஊறுவதைவிட மிகுதியாக நிலத்தடி நீர் எடுக்கப்பட்டிருந்தது. அத்தகைய ஊர்களில் ஒருவர் கிணற்றில் வீணாகும் நீர், அடுத்தவர் கிணற்றின் மட்டத்தையும் சேர்த்துத் தாழ்த்துகிறது. வசதியுள்ளவர் இன்னும் நூறு அடி ஆழப்படுத்துவார். வசதியற்றவர் நிலத்தைத் தரிசாகப் போட்டுவிட்டுக் கூலிக்குப் போவார். மின்சாரம் இலவசமாக இருக்கலாம், நீர் இலவசமன்று. அதன் விலையைப் பல சமயங்களில் பக்கத்து வயல்காரர் கொடுக்கிறார்.

ஆகவே, பாய்ச்ச வேண்டிய நேரத்தைக் கணக்கிட்டு, அந்த நேரம் கழிந்ததும் தானே நிறுத்தும் நேரக் கருவியைப் பொருத்துவது நல்லது. அது இல்லாதவர்கள், மோட்டார் போட்டதும் கைபேசியில் மணி வைத்துக்கொள்ளலாம். பயிருக்கு நீர் தேவைப்படாத நாளில் ஆட்டோ நிலையிலிருந்து மாற்றி நிறுத்திவிடுவதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். மழை பெய்த மறுநாளும் மோட்டார் ஓடுவதை நாம் எத்தனை வயல்களில் பார்த்திருக்கிறோம்!

ஊர்ப் பொதுவில்

அண்மையில் ஓர் ஊருக்குச் சென்றிருந்தோம். காலை பதினொரு மணி வெயிலில் தெருவிளக்குகள் வரிசையாக எரிந்துகொண்டிருந்தன. ஊர் நடுவே மேல்நிலைத் தொட்டி நிரம்பி, நீர் தூணில் வழிந்து சாக்கடையில் சேர்ந்துகொண்டிருந்தது. திண்ணையில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவரிடம், “ஐயா, இந்த விளக்கை யார் நிறுத்துவது?” என்று கேட்டோம். அவர் சற்று யோசித்துவிட்டு, “சாயங்காலம் போடுகிறவர் இருக்கிறார், தம்பி. நிறுத்துவது யார் என்று நாங்கள் பேசிக்கொள்ளவில்லையே” என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தில் விஷயம் முழுவதும் அடங்கியிருக்கிறது. அந்த ஊரில் பொறுப்பற்றவர்கள் எவரும் இல்லை. பொறுப்புத்தான் எவரிடமும் ஒப்படைக்கப்படவில்லை.

தெருக்களுக்கு விளக்கு வசதி செய்வதும், குடிநீர் வழங்குவதும் 1994-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின்படி கிராமப் பஞ்சாயத்தின் கடமைகள். அவற்றின் மின் கட்டணம் பஞ்சாயத்து நிதியிலிருந்தே செலுத்தப்படுகிறது. 20 வாட்டு எல்.இ.டி. விளக்குகள் நூறு உள்ள ஊரில், பகல் பன்னிரண்டு மணி நேரமும் அவை எரிந்தால் நாளொன்றுக்கு 24 யூனிட், மாதத்துக்கு 720 யூனிட் வீணாகும். விளக்கின் ஆயுளும் குறையும். சூரியனுக்குத் துணையாக விளக்கு எரித்த அந்தப் பணத்தில், உடைந்த கைப்பம்பு ஒன்றைச் சீர்செய்திருக்கலாம். அங்கன்வாடி வாசலின் பள்ளத்தைத் தூர்த்திருக்கலாம்.

தொட்டியின் கணக்கு இன்னும் கசப்பானது. 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம், கிராமத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் குடிநீர் என்பதை அளவாக வைத்தது. மேலே கூறிய அதே மோட்டார், தொட்டி நிரம்பிய பின் ஒரு மணி நேரம் ஓடினால் வழிந்து வீணாகும் நீர், ஏறத்தாழ 196 பேரின் ஒருநாள் பங்கு. தொட்டியடியில் நீர் தேங்கிக் கொசு பெருகும் அதே வேளையில், குழாயின் கடைசியிலுள்ள தெருவில் பெண்கள் குடங்களை வரிசையில் வைத்துக் காத்திருக்கிறார்கள். மறதியின் சுமை எப்போதும் கடைசித் தெருவின் தலையிலேயே இறங்குகிறது.

நீர் நிரம்பியதும் மோட்டாரை நிறுத்தும் மிதவைச் சுவிட்சு, விளக்குகளைக் குறித்த நேரத்தில் எரித்து அணைக்கும் நேரக் கருவி ஆகியவை இப்போது எளிதாகக் கிடைக்கின்றன. பஞ்சாயத்துகள் இவற்றைப் பொருத்த வேண்டும். ஆனால் கருவி பொருத்தியதோடு கடமை முடிந்துவிட்டது என்று இருந்துவிடலாகாது. மிதவை பாசியில் சிக்கிக்கொள்ளும். நீண்ட மின்தடைக்குப் பின் சில நேரக் கருவிகளின் மணி தவறிப்போய், விளக்கு நண்பகலில் எரியத் தொடங்கும். கருவியைக் கவனிக்கவும் ஒரு கை வேண்டும்.

செய்ய வேண்டிய ஏற்பாடு

வீட்டுக்கும் வயலுக்கும் ஊருக்கும் பொருந்தும் ஏற்பாடு மூன்று உறுப்புகளைக் கொண்டது.

ஒன்று, குறித்த கை. எவர் போடுகிறாரோ அவரே நிறுத்துவது முதல் விதி. அவரால் இயலாதபோது, ‘நீ நிறுத்திவிடு’ என்று இன்னொருவரிடம் வாய்விட்டுச் சொல்லி ஒப்படைக்க வேண்டும். அவரும் ‘சரி’ என்று ஏற்க வேண்டும். தெருவிளக்குக்கு ஒவ்வொரு தெருவிலும் ஒருவர் பெயரையும், அவர் ஊரில் இல்லாத நாளுக்கு மற்றொருவர் பெயரையும் பஞ்சாயத்து எழுதி வைக்க வேண்டும். தொட்டி இயக்குபவருக்கும் இவ்வாறே மாற்று ஆள் வேண்டும். அவருக்குக் காய்ச்சல் வந்த நாளில்தான் பெரும்பாலும் தொட்டி வழிகிறது.

இரண்டு, குறித்த நேரம். இரவு கதவைத் தாழிட்ட கை, அப்படியே வீட்டை ஒருமுறை சுற்றி வரட்டும். வயலுக்குப் புறப்படும்போது, பூட்டைப் பூட்டுவதற்கு முன் ஒரு நிமிஷம் நின்று, ‘அடுப்பு, இஸ்திரி, மோட்டார், விசிறி’ என்று வாய்விட்டு எண்ணிப் பார்க்கட்டும். மனத்துக்குள் எண்ணியதைவிட வாய்விட்டுச் சொன்னது நினைவில் நிற்கும். இந்தச் சுற்றைப் பள்ளிப் பிள்ளைகளிடம் ஒப்படைத்தால் இன்னும் நல்லது. பெரியவர்கள் மறந்ததைக் கண்டுபிடிப்பதில் அவர்களுக்குள்ள உற்சாகம் நமக்கு வராது.

மூன்று, குறித்த கணக்கு. வாரம் ஒருநாள், ஒரே நேரத்தில், மீட்டரின் எண்ணை நாட்காட்டியில் குறித்து வைக்க வேண்டும். சென்ற வாரத்தைவிடக் கூடியிருந்தால் காரணத்தைத் தேட வேண்டும். பஞ்சாயத்தும் தெருவிளக்கு, குடிநீர் மோட்டார் ஆகியவற்றின் யூனிட்டுகளை மாதந்தோறும் அலுவலகப் பலகையில் எழுதி வைக்கலாம். குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜயந்தி ஆகிய நாட்களில் கூடும் கிராம சபையில் அந்தக் கணக்கைப் படித்துக் காட்டலாம். எண்ணெய் குறைவதை அகல் காட்டியதுபோல், மின்சாரம் குறைவதை இந்தப் பலகை ஊருக்குக் காட்டும்.

எவரேனும் மறந்துவிட்டால் அவரைச் சபையில் நிறுத்திக் கடிந்துகொள்வதால் பயன் விளையாது. வழிகிற தொட்டியைப் பார்த்தவர், ‘அது அவர் வேலை’ என்று நடந்து செல்லாமல், உரியவருக்கு உடனே சொல்லி அனுப்புவதே சிறந்தது. அயலார் வீட்டில் பகலில் வாசல் விளக்கு எரிந்தால், ‘அக்கா, விளக்கு எரிகிறதே’ என்று ஒரு குரல் கொடுப்பது நம் கிராமங்களில் தலையீடாகக் கருதப்படுவதில்லை. அது உறவின் அடையாளம். கன்று அவிழ்ந்து பயிரில் மேய்ந்தால் யாருடைய கன்று என்று பாராமல் பிடித்துக் கட்டும் ஊர்கள் நம்முடையவை.

அடுத்த கிராம சபைக்கு முன் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் ஒரு காரியம் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம். ஒருநாள் காலை எட்டு மணிக்கு உங்கள் வார்டைக் கால்நடையாக ஒருமுறை சுற்றி வாருங்கள். எரியும் விளக்குகளையும் வழியும் குழாய்களையும் எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றின் எதிரிலும் ஒரு பெயரை எழுதுங்கள். அந்தப் பெயருக்குரியவரிடம் சென்று, அவர் சம்மதத்தைப் பெறுங்கள். விவசாய நண்பர்கள் இன்று மாலை மோட்டார் கொட்டகைக்குச் செல்லும்போது, ஆட்டோ ஸ்டார்ட்டர் இன்றிரவு அவசியந்தானா என்று ஒரு கணம் நின்று யோசியுங்கள். வீட்டில், மின்சாரம் நின்றதும் முதலில் சுவிட்சை நிறுத்தும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுங்கள்.

நம் முன்னோர் கையில் வேலையும் நிறுத்தமும் ஒன்றாக இருந்தன. மின்சாரம் அவற்றைப் பிரித்துவிட்டது. போட்ட கையே நிறுத்தட்டும் என்ற ஒரு விதியால் அவற்றை மீண்டும் சேர்த்துவிடலாம்.